தங்கவயல் சுரங்கத்தில் ஒளிர்ந்த வாயு
பிளாஸ்மா பௌதிகத்தின் நடைமுறைப் பயன்கள் பற்றிய ஒரு பாடம்

திடம், திரவம், வாயு எனப் பொருள்கள் மூன்று நிலைகளில் இருப்பதைத் தொடக்கப்பள்ளி மாணவரும் அறிவர். நான்காவதாகப் பிளாஸ்மா என்றொரு நிலை உண்டு என்பதைப் பாடநூல்கள் ஓரிரு வரிகளில் கூறிச் செல்கின்றன. அவ்வரிகளைப் படிக்கும் மாணவன் இரண்டு தவறான எண்ணங்களைக் கொள்ளக்கூடும். பிளாஸ்மா என்பது சூரியனிலும் விண்மீன்களிலும், அணுக்கருப் பிணைப்புக்கென அமைக்கப்படும் பெரும் பொறிகளிலும் மட்டுமே உள்ளது என்பது ஒன்று. அது எப்பொழுதும் பல லட்சம் டிகிரி வெப்பம் உடையது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பிழை என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்குக் கோலார் தங்கவயலில் நடைபெற்ற ஒரு பரிசோதனையை முதன்மைச் சான்றாகக் கொள்வோம்.

பிளாஸ்மா என்பது யாது?

வாயுவின் அணு ஒவ்வொன்றிலும் நேர்மின்னூட்டமுள்ள அணுக்கருவும், அதனைச் சூழ்ந்து எதிர்மின்னூட்டமுள்ள எலெக்ட்ரான்களும் உள்ளன. போதிய ஆற்றல் கிடைக்கும்போது ஓர் எலெக்ட்ரான் அணுவை விட்டுப் பிரிகிறது. எஞ்சி நிற்பது அயனி எனப்படும். பிரிந்த எலெக்ட்ரான்களும் அயனிகளும் மிகுந்து, ஒன்றின் இயக்கம் சூழவுள்ள பலவற்றின் இயக்கத்தையும் பாதிக்கும் அளவுக்குச் செறிந்துவிடின், அவ்வாயு மின்சாரத்தைக் கடத்தும், காந்தத்தால் வளையும், ஒளிவிடும். இந்நிலையில் உள்ள வாயுவே பிளாஸ்மா ஆகும். 1879ஆம் ஆண்டில் வில்லியம் குரூக்ஸ், காற்று நீக்கிய குழல்களில் மின்சாரத்தைச் செலுத்தி, பொருளின் நான்காம் நிலையைக் குறித்துப் பேசினார். பிளாஸ்மா என்னும் பெயரை 1928இல் இர்விங் லாங்மூர் வழங்கினார். இரத்தத்தின் தெளிநீருக்கும் இதே பெயர் உண்டு. பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு என்பதை மாணவர்க்கு முதலிலேயே உணர்த்திவிடுதல் நன்று. வெப்பத்தால் ஒரு வாயு எவ்வளவு பங்கு அயனியாகும் என்பதைக் கணக்கிடும் சமன்பாட்டை 1920இல் அளித்தவர் நம் நாட்டு விஞ்ஞானி மேகநாத் சாஹா ஆவார்.

வெப்பத்தால் மட்டுமன்றி மின்புலத்தாலும் வாயுவை அயனியாக்கலாம். குழல்விளக்கில் நிகழ்வது இதுவே. அதனுள் எலெக்ட்ரான்களின் வெப்பநிலை பத்தாயிரம் டிகிரியையும் கடந்துள்ளது. ஆயினும் எரியும் விளக்கைக் கையால் தொட முடிகிறது. காரணம் யாதெனில், எலெக்ட்ரான் அணுவைக் காட்டிலும் பல்லாயிரம் மடங்கு இலேசானது. ஒரு கோலிக்குண்டு ஆட்டுக்கல்லின்மேல் மோதித் தெறித்தால், கல் சற்றும் அசைவதில்லை. குண்டின் வேகமும் ஏறக்குறைய அவ்வாறே இருக்கிறது. அதுபோல் எலெக்ட்ரான் அணுக்களில் பலமுறை மோதினும் தன் ஆற்றலில் மிகச் சிறு பங்கையே அவற்றுக்கு வெப்பமாக அளிக்கிறது. எனவே எலெக்ட்ரான்கள் சூடாகவும், வாயு குளிர்ந்தும் ஒரே குழலில் இருக்க இயலும். இதனைத் தண்பிளாஸ்மா என்பர். தொழில்துறையில் பயன்படுவதில் பெரும்பகுதி இவ்வகையினதே.

சுரங்கத்தின் ஆழம் வேண்டப்பட்டது ஏன்?

கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனத்தார் 1880 முதல் நவீன முறையில் தங்கம் அகழ்ந்தனர். 1902இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பி வழியே மின்சாரம் இவ்வூருக்கு வந்தது. வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளரின் உழைப்பால் சுரங்கம் ஆண்டுதோறும் ஆழமாயிற்று. சாம்பியன் ரீஃப் பகுதியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. தங்கத்துக்காக வெட்டிய அவ்வாழமே பௌதிக விஞ்ஞானிகளுக்கும் வேண்டியதாயிற்று.

வான்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வாயுமண்டலத்தில் மோதுவதால் மியூவான் என்னும் துகள்கள் தோன்றுகின்றன. தரைமட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மேல் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் வீதம் விழுகிறது. அதே மோதல்களிலிருந்து நியூட்ரினோக்களும் பிறக்கின்றன. இவை மின்னூட்டம் அற்றவை. பூமியின் ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேறும் அளவுக்கு, பொருள்களோடு அரிதினும் அரிதாகவே வினைபுரிபவை. எப்பொழுதாவது ஒன்று பாறையில் மோதி ஒரு மியூவானை உண்டாக்கும். தரைமட்டத்தில் மற்ற மியூவான்களின் மழையிடையே அந்த ஒன்றைப் பிரித்தறிய இயலாது. மழையைத் தடுக்கும் கூரை ஒன்று வேண்டும். பாறையே அக்கூரை.

ஹோமி பாபா அவர்களின் தூண்டுதலால் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பி.வி. ஸ்ரீகண்டன் 1951 முதல் தங்கவயல் சுரங்கத்தின் பல ஆழங்களில் மியூவான்களின் எண்ணிக்கையை அளக்கலானார். 1960களின் தொடக்கத்தில், ஏறத்தாழ 2,760 மீட்டர் ஆழத்தில் வாரக்கணக்கில் கருவிகளை இயக்கியும் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை. சாதாரணமாக வெறுமை என்று தள்ளக்கூடிய அம்முடிவுதான் அடுத்த பரிசோதனைக்கு அடிப்படையாயிற்று. கூரை போதுமான தடிப்புடையது என்பதை அது மெய்ப்பித்தது.

நியான் குழல் கண்ணாகிய விதம்

1964-65இல் டாட்டா நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் கூடி, ஏறத்தாழ 2,300 மீட்டர் ஆழத்தில் நியூட்ரினோ பரிசோதனையை அமைத்தன. எம்.ஜி.கே. மேனன், ஸ்ரீகண்டன், வி.எஸ். நரசிம்மம், பி.வி. ரமணமூர்த்தி, மியாக்கே, வுல்ஃபென்டேல் முதலியோர் அதில் பங்குகொண்டனர். கருவியின் இன்றியமையாத உறுப்பு, நியான் நிரப்பிய கண்ணாடிக் குழல்களின் அடுக்கு ஆகும். இத்தகைய மின்வெட்டொளிக் குழல்களை 1955இல் இத்தாலியில் கான்வெர்சி, கோட்சினி என்பார் அறிமுகப்படுத்தினர்.

குழல் வேலை செய்யும் முறையைப் படிப்படியாகக் காண்போம்.

முதலாவது, ஒரு மியூவான் குழலைக் கடக்கும்போது, வழியிலுள்ள நியான் அணுக்களிலிருந்து சில எலெக்ட்ரான்களைப் பிரித்துவிட்டுச் செல்கிறது. குழலில் ஆக்சிஜன் இருப்பின் அது அவ்வெலெக்ட்ரான்களை உடனே பற்றிக்கொள்ளும். நியானோ பிறிதொன்றோடு சேராத மந்தவாயு. அது எலெக்ட்ரான்களைப் பற்றுவதில்லை. ஆதலின் அவை சிறிது நேரம் தனித்தே அலைந்துகொண்டிருக்கும். சிறிது நேரம் என்பது ஈண்டு ஒரு விநாடியின் லட்சத்தில் சில பங்கு.

இரண்டாவது, குழலடுக்கின் இருமருங்கிலும் நிற்கும் ஒளிர்வுத் தகடுகள், துகள் ஒன்று ஊடுருவிச் சென்றதை அந்நேரத்துக்குள் அறிவித்துவிடுகின்றன. இரு தகடுகளும் ஒருங்கே அறிவித்தால் மட்டுமே அடுத்த செயல் நிகழும். பாறையின் இயற்கைக் கதிரியக்கம் ஒரு தகட்டை ஏமாற்றினாலும் இரண்டையும் ஒரே கணத்தில் ஏமாற்றுதல் அரிது.

மூன்றாவது, குழல்களுக்கு இடையேயுள்ள உலோகத் தகடுகளில் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் ஒரு கணப்பொழுது செலுத்தப்படுகிறது. அலைந்துகொண்டிருந்த எலெக்ட்ரான் அம்மின்புலத்தில் விரைவு பெற்று ஓர் அணுவை மோதிப் புதிய எலெக்ட்ரான் ஒன்றை விடுவிக்கிறது. ஒன்று இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது. சதுரங்கக் கட்டங்களில் நெல்மணி வைத்த கதையை இங்கே நினைவுகூரலாம். இருபது முறை இரட்டித்தால் ஓர் எலெக்ட்ரான் 10,48,576 ஆகிவிடும். இப்பெருக்கத்தின் முடிவில் குழல் முழுவதும் பிளாஸ்மாவாகிச் செந்நிற ஒளி வீசுகிறது. துகள் கடவாத குழல்களில் தொடக்கத்துக்குரிய எலெக்ட்ரான் இல்லை; ஆதலின் அவை இருண்டே இருக்கும்.

நான்காவது, காமிரா படம் எடுக்கிறது. ஒளிர்ந்த குழல்கள் எவை என்று பார்த்து ஒரு கோடு இழுத்தால், துகள் சென்ற பாதையும் அதன் சாய்வும் தெரிந்துவிடும்.

இச்சாய்விலேதான் முடிவு தங்கியிருந்தது. மேலிருந்து வரும் மியூவான் சாய்வாக வருமாயின், அது கடக்கவேண்டிய பாறையின் நீளம் மிகுதியாகும். கிடையாக வருவதற்கோ நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாறையைத் துளைத்தாக வேண்டும். எனவே 2,300 மீட்டர் ஆழத்தில் எஞ்சும் சில மியூவான்களும் ஏறக்குறைய நேர்குத்தாகவே இறங்கும். நியூட்ரினோக்களுக்கு அத்தடையில்லை; அவை எத்திசையினின்றும் வரும். ஆகையால் கருவியின் தகடுகளைக் கிடையாகப் பரப்பாமல் சுவர்போல் நிறுத்தி, பக்கவாட்டில் வரும் துகள்களை எதிர்நோக்கினர். கிடையாக வந்த பாதைகள் படத்தில் பதிந்தன. வாயுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் விளைவு இதுவென்ற அறிக்கை 1965 ஆகஸ்டில் வெளியாயிற்று. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் ரெய்ன்ஸ் குழுவினர் நடத்திய பரிசோதனையின் முடிவும் அதே மாதத்தில் வெளிவந்தது.

ஒரே குடும்பம், வெவ்வேறு அளவு

1980ஆம் ஆண்டின் இறுதியில் அதே சுரங்கத்தில், புரோட்டான் சிதையுமா என்பதை ஆராயும் பரிசோதனை தொடங்கியது. ஏறத்தாழ 140 டன் எடையுள்ள அக்கருவியில் இரும்புத் தகடுகளும், ஆர்கானும் மீத்தேனும் கலந்த வாயு நிரப்பிய எண்ணிக் குழாய்களும் 34 அடுக்குகளாக அமைந்தன. இங்கும் எலெக்ட்ரான் பெருக்கம் உண்டு. ஆனால் அது குழாயின் நடுவேயுள்ள மெல்லிய கம்பியை ஒட்டி மட்டுமே நிகழ்ந்து, ஓர் அளவோடு நின்றுவிடும். அதனால் துகள் இழந்த ஆற்றலின் அளவையும் கணிக்க முடிந்தது. இதனைப் பிளாஸ்மா என்று அழைப்பது பொருந்தாது. அயனிகளின் செறிவு அந்நிலையை எட்டுவதில்லை. பெருக்கத்தை எங்கே நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்து, ஒரே நிகழ்ச்சி அளவுகோலாகவோ விளக்காகவோ பற்றவைக்கும் வில்லாகவோ பயன்படுகிறது. மின்புலம், வாயுவின் அழுத்தம், வாயுவின் வகை ஆகிய மூன்றையும் கட்டுப்படுத்துவதே இத்துறையின் கைத்திறன்.

புரோட்டான் சிதைவு இன்றுவரை உறுதிப்படவில்லை. 1985இல் இரண்டாவது கருவியும் அமைக்கப்பட்டது. சுரங்க வேலை குறைந்துவந்தமையால் 1990களின் தொடக்கத்தில் ஆராய்ச்சி நின்றது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கமே மூடப்பட்டது. நீரை இறைத்து வெளியேற்றும் பணி நின்றபின், ஆழத்திலிருந்த பரிசோதனைக் கூடங்களுக்கு வழியில்லாமற் போயிற்று.

தொழில்களில் பிளாஸ்மா

தங்கவயலின் மண்ணோடு தொடர்புடைய பயன் ஒன்றை முதலில் கூறுவோம். பொடித்த தாதுவிலிருந்து சயனைடு கரைசலால் தங்கம் பிரித்தபின் எஞ்சிய மண், குன்றுகளாக ஊரைச் சுற்றி நிற்கிறது. ஒரு டன் மண்ணில் ஒரு கிராமினும் குறைவான தங்கம் உளதா என்று அறிய வேண்டின், கண்ணாலோ நிறையாலோ எளிதில் முடியாது. இதற்குத் தூண்டல் பிளாஸ்மா நிறமாலைக் கருவி உதவுகிறது. படிகக்கல் குழாயில் ஆர்கான் வாயுவைச் செலுத்தி, சுற்றிலுமுள்ள கம்பிச்சுருளில் வானொலி அதிர்வெண் மின்சாரத்தைப் பாய்ச்சினால், 6,000 முதல் 10,000 டிகிரி வரை வெப்பமுள்ள பிளாஸ்மா உண்டாகிறது. கரைத்த மாதிரியை அதில் தூவினால் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய அலைநீளத்தில் ஒளிவிடும், தங்கம் 267.6 நானோமீட்டரில் ஒளிரும். மண்ணிலும் குடிநீரிலும் ஈயம், ஆர்செனிக் போன்ற நச்சுத் தனிமங்கள் இருப்பதை அளப்பதற்கும் இக்கருவியே பயன்படுகிறது. 1964இல் கிரீன்ஃபீல்டு, 1965இல் ஃபாசல் ஆகியோர் இம்முறையைத் தனித்தனியே வெளியிட்டனர்.

இரண்டாவது பயன், எஃகைக் கடினமாக்குதல். பற்சக்கரம் போன்ற உறுப்புக்களின் மேற்பரப்பில் நைட்ரஜனைப் புகுத்தினால் அவை தேய்மானத்தைத் தாங்கும். பழைய முறை ஒன்றில் உருகிய சயனைடு உப்புக்களில் அவற்றை அமிழ்த்துவர், கழிவு நஞ்சாகும். பிளாஸ்மா முறையில் உறுப்பைக் காற்று நீக்கிய கலத்தில் வைத்து, சிறிது நைட்ரஜனும் ஹைட்ரஜனும் செலுத்தி, உறுப்பையே எதிர்மின்வாயாக்கிச் சில நூறு வோல்ட் கொடுக்கின்றனர். நைட்ரஜன் அயனிகள் ஈர்க்கப்பட்டு மேற்பரப்பில் மோதி, ஏறத்தாழ 500 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்தில் உள்ளே பரவுகின்றன. சயனைடுக்கு அங்கு வேலையில்லை. சயனைடு மண்மேடுகளின் புழுதியைத் தலைமுறைகளாகச் சுவாசித்த ஓர் ஊரார்க்கு இவ்வேறுபாட்டின் அருமையை விளக்கவேண்டியதில்லை.

மூன்றாவது பயன், மருத்துவமனைக் கழிவுகளை அழித்தல். மின்வில்லால் உண்டாகும் பிளாஸ்மாவின் வெப்பத்தில், ஆக்சிஜன் மிகக் குறைந்த கலத்தில் கழிவைச் சிதைத்தால், அது பெரும்பாலும் ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு போன்ற எளிய வாயுக்களாகப் பிரிகிறது. தாழ்ந்த வெப்பத்தில் நெகிழிகளை எரிக்கும்போது தோன்றும் டையாக்சின் என்னும் நச்சுப்பொருள் இதில் மிகவும் குறைகிறது. மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு உயிரிமருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், ஏற்கத்தக்க முறைகளுள் பிளாஸ்மா சிதைப்பையும் சேர்த்துள்ளன. குஜராத்தில் காந்திநகருக்கு அருகிலுள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம், 1997இல் தொழில்துறைப் பயன்களுக்கென ஒரு தனி மையத்தை நிறுவி, மேற்கூறிய இரு முறைகளையும் நம் நாட்டில் வளர்த்துள்ளது. அந்நிறுவனத்தின் பெரும்பணி அணுக்கருப் பிணைப்பு ஆராய்ச்சியே. எனினும் அங்குப் பெற்ற அறிவு தொழிற்கூடங்களுக்கும் வந்து சேர்ந்துள்ளது.

நான்காவது, உலோகம் வெட்டுதல். ஆக்சி-அசிட்டிலீன் சுடரால் துருவேறா எஃகையும் அலுமினியத்தையும் செவ்வனே வெட்ட இயலாது. ஏனெனில் அம்முறை இரும்பு ஆக்சிஜனில் எரிவதையே நம்பியுள்ளது. பிளாஸ்மா வெட்டி எரிப்பை நம்பாமல் உலோகத்தை உருக்கி ஊதித் தள்ளுவதால், மின்சாரம் கடத்தும் எவ்வுலோகத்தையும் வெட்டும்.

களப்பணியாளரும் ஆசிரியரும் கவனிக்க

மின்பணியாளர் சட்டைப்பையில் வைத்திருக்கும் டெஸ்டரினுள் ஒரு சிறு நியான் விளக்கு உள்ளது. சுரங்கத்தில் நியூட்ரினோவின் தடத்தைக் காட்டிய வாயுவும் இதுவே. ஒளியும் அதே செந்நிற ஒளியே. டெஸ்டரில் உள்ள உயர்தடை, மின்னோட்டத்தை மிகச் சிறிதாக்கி உடலைக் காக்கிறது; தடை பழுதுபட்ட அல்லது மலிவான போலிக் கருவிகளை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. வகுப்பில் டெஸ்டரைக் காட்டி விளக்கலாமே தவிர, மாணவர் கையில் கொடுத்து மின்துளையில் சோதிக்கச் செய்தல் கூடாது.

எரியும் குழல்விளக்கின் ஒளியைப் பழைய குறுந்தகட்டின் பளபளக்கும் பக்கத்தில் சாய்வாகப் பிரதிபலிக்கச் செய்தால், பச்சை, நீலம் முதலிய நிறக்கோடுகள் தனித்தனியே தெரியும். எல்.இ.டி. விளக்கின் ஒளியில் நிறங்கள் தொடர்ச்சியாகத் தெரியும். வேற்றுமைக்குக் காரணம், முன்னதில் பாதரச ஆவியின் பிளாஸ்மா இருப்பதே. சூரியனையோ பற்றவைக்கும் வில்லையோ இவ்வாறு நோக்குதல் கண்ணுக்குக் கேடு. குழல்விளக்கு உடைந்தால் சன்னல்களைத் திறந்து, அனைவரையும் சிறிது நேரம் வெளியேற்றி, பின்னர்த் துண்டுகளைக் கெட்டித்தாளால் கூட்டி மூடிய கலத்தில் இடல் வேண்டும். அதிலுள்ள பாதரசம் நஞ்சாகும்.

பயிற்சி வினாக்கள்

1. தங்கவயல் பாறையின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு. 2,300 மீட்டர் பாறை எத்தனை கிலோமீட்டர் ஆழமுள்ள நீருக்குச் சமம்? (விடை: ஏறத்தாழ 7 கிலோமீட்டர். அத்துணை ஆழமான ஏரி நாட்டில் எங்குமில்லை என்பதை மாணவர் உணரட்டும்.)

2. ஓர் எலெக்ட்ரான் முப்பது முறை இரட்டித்தால் எத்தனையாகும்? நூறு கோடியைத் தாண்டுகிறதா?

3. நியானுக்குப் பதிலாகக் குழலில் காற்றை நிரப்பியிருந்தால், துகள் கடந்த குழலைக் கண்டுபிடிக்க முடிந்திருக்குமா? காரணம் கூறுக.

4. நியூட்ரினோவைத் தேடியோர் தகடுகளைச் சுவர்போல் நிறுத்தியது ஏன்? படம் வரைந்து விளக்குக.

தங்கவயல் வட்டாரப் பள்ளிகளில் பணிபுரிவோர் நான்காம் வினாவுக்குத் தனிக் கவனம் அளிப்பாராக. அங்குள்ள மாணவர் பலருடைய பாட்டன்மார் அச்சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர்கள். விஞ்ஞானிகளின் கருவிகள் இறங்கிய கூண்டும், அவை நின்ற குடைவும் அவர்தம் உழைப்பால் இயங்கியவை, அமைந்தவை. அச்செய்தியையும் பாடத்தோடு சேர்த்துச் சொல்லுதல் தகும்.